பரீட்சை முடிந்து பெறுபேறு வரும் வரை: எங்கள் பெண் கல்விக் குழுவுக்கு ஆலோசனை சொல்லுங்கள்

முன்பள்ளி அக்கா, மருதனார்மடம்

அனைவருக்கும் வணக்கம்.

யாழ்ப்பாணத்தில் மருதனார்மடத்துக்கும் உடுவிலுக்கும் இடைப்பட்ட ஊர் எங்களுடையது. பெண் பிள்ளைகளின் படிப்பு இடைநடுவில் நின்றுவிடாமல் பார்ப்பதற்கென்று பதினொரு பெண்கள் சேர்ந்து ஒரு சிறு குழுவை நடத்துகிறோம். எல்லோரும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களில் பழகியவர்கள். மூவர் என்னைப் போல முன்பள்ளி ஆசிரியைகள், இருவர் தையல் தொழில் செய்பவர்கள், ஒருவர் ஓய்வுபெற்ற தாதி. சனசமூக நிலையத்தின் பின்னறை, ஒரு வெண்பலகை, கடனாக வாங்கிய கதிரைகள், கையில் 42,000 ரூபாய். இவ்வளவையும் வைத்துக்கொண்டு அடுத்த மூன்று மாதங்களுக்குத் திட்டம் போட்டிருக்கிறோம். மூன்று விடயங்களில் முடிவெடுக்க முடியாமல் நிற்பதால் இங்கே கேட்கிறேன்.

தரம் 11 முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும் வரையுள்ள இந்த மாதங்களை நாங்கள் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. பிள்ளைகள் கைநழுவிப் போவது இந்த இடைவெளியில்தான். பரீட்சை வரைக்கும் வீடே அவளுக்காகக் குரலைத் தாழ்த்திப் பேசும். கடைசித் தாளை எழுதிவிட்டு வந்து வெள்ளைச் சீருடையைத் துவைத்து மடித்து வைத்தால், மறுநாளிலிருந்து அவள் வீட்டுக்கு ஓர் ஆள். தம்பியைப் பார்க்க வேண்டும், தோட்டத்தில் வெங்காயம் கிளப்ப வேண்டும், அம்மம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக வேண்டும். நம்பிக்கை உள்ள பிள்ளைகள் மறுவாரமே உயர்தர (தரம் 12, 13) வகுப்புக்கென்று ரியூசனுக்குப் போய்விடுவார்கள். கணிதத் தாளை நினைத்துப் பயந்துகொண்டிருப்பவள்தான் வீட்டில் இருப்பாள். 'பெறுபேறு வரும் வரைதானே' என்று ஒரு புடவைக் கடையில் சேர்த்துவிடுவார்கள். பெறுபேறு வந்து கணிதத்தில் சித்தியில்லை என்று தெரிந்த பிறகு அவளை அங்கிருந்து எழுப்பிக் கூட்டிவர யாருமில்லை. எங்கள் ஒழுங்கையிலேயே இப்படி நால்வர் இருக்கிறார்கள்.

எனக்கும் ஓர் இடைவெளி வந்தது. 1995 ஒக்டோபர் 30 இரவு, போரால் எங்கள் வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது எனக்குப் பதினாறு வயது. டிசெம்பரில் பரீட்சை. மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போனோம். புத்தகப் பையை எடுத்திருந்தேன், கொம்பாஸ் பெட்டியை மறந்துவிட்டேன். கொடிகாமத்தில் ஒரு பாடசாலை விறாந்தையில் படுத்திருந்தபோது அந்தப் பெட்டியை நினைத்துத்தான் அழுதேன். வீட்டை நினைத்து அழவில்லை. அடுத்த சித்திரையில் ஊருக்குத் திரும்பினோம். 'பிறகு எழுதலாம்' என்றார்கள். 2010இல், இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பிறகு, தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத்தான் எழுதினேன். கணிதம் மூன்றாவது தடவையில் சித்தியானது. அந்தப் பதினைந்து வருடங்களும் போரால் மட்டும் போனவை என்று நான் நினைக்கவில்லை. திரும்பி வந்த சித்திரையில் யாராவது ஒருவர் என்னைக் கையைப் பிடித்து ஒரு வகுப்பில் இருத்தியிருந்தால் 1997இலேயே எழுதியிருப்பேன்.

எங்கள் ஊரைச் சுற்றிப் பாருங்கள். உடுவிலில் 1824இலேயே அமெரிக்க மிஷனரிமார் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கினார்கள். மருதனார்மடத்தில் 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் பெண்களுக்கென்றே கல்லூரி கட்டினார். இந்த இரண்டு மதில்களுக்கும் நடுவில் இருக்கும் ஒழுங்கைகளில் இன்றைக்கும் ஒரு பிள்ளை பதினாறு வயதோடு படிப்பை நிறுத்தினால், அதைக் கண்டுகொள்ளாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

நாங்கள் திட்டமிட்டிருப்பவை:

முதலாவது, கணித வகுப்பு. இப்போது பரீட்சை எழுதிவிட்டுப் பயந்துகொண்டிருக்கும் பிள்ளைகளும், முன்பு தவறவிட்டு மறுபடி எழுத விரும்பும் இளந்தாய்மாரும் சேர்ந்து இருக்கும் வகுப்பு. ஏழு பேர் பெயர் தந்திருக்கிறார்கள். அதில் ஒருவருக்கு முப்பத்தொன்பது வயது.

இரண்டாவது, உயர்தரத்தில் எந்தப் பிரிவை எடுப்பது என்று பெற்றோரோடு பேசும் ஒரு கூட்டம். மூன்றாவது, பிள்ளைகளைக் கிளிநொச்சி அறிவியல் நகருக்குக் கூட்டிப்போய் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்தைக் காட்டுவது. இடையில் ஒரு நாள், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை இல்லாதவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்போம். இடம்பெயர்வில் பத்திரங்களைத் தொலைத்த குடும்பங்கள் இன்னமும் இருக்கின்றன.

எங்கள் கேள்விகள்: கணித வகுப்பை எந்த நேரத்தில் வைப்பது? கைக்குழந்தையோடு வருபவர்களுக்கு என்ன செய்வது? மார்ச் 8 மகளிர் தினத்தில் மண்டபம் எடுத்து, கடந்த முறை ஒன்பது பாடங்களிலும் ஏ எடுத்த பிள்ளைகளுக்குப் பரிசளிப்பு வைக்க வேண்டும் என்று குழுவில் சிலர் விரும்புகிறார்கள். அதற்குக் கையிலுள்ள பணத்தில் பாதி போய்விடும். அதைச் செய்வதா?

கணக்கு ரீச்சர், சுன்னாகம்

தங்கச்சி, முப்பத்தொரு வருடம் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவள் நான். சைக்கிள் மிதிக்க முழங்கால் விடாது, யாராவது வந்து கூட்டிப்போனால் வருவேன். சம்பளம் வேண்டாம்.

நீங்கள் செய்யக்கூடிய முதற் பிழை முழுப் பாடத்திட்டத்தையும் முதலிலிருந்து தொடங்குவது. பன்னிரண்டு கிழமையில் அது முடியாது. மூன்றாம் கிழமையிலேயே பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு முதலில் வேண்டியது சாதாரண சித்தி. அதற்கு 35 புள்ளி போதும். முதலாம் வினாத்தாளின் ஏ பகுதியில் 25 குறுவினாக்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி. பி பகுதியில் 5 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 10. இரண்டாம் வினாத்தாளில் 12 வினாக்களில் 10ஐச் செய்ய வேண்டும். இரண்டு தாள்களுக்கும் மொத்தம் 200 புள்ளி, அதைப் பாதியாக்கிப் பாருங்கள். 70 புள்ளி சேர்த்தால் அவள் கரையேறிவிடுவாள். குறுவினாக்களில் 18 சரியென்றால் 36 வந்துவிட்டது. மிச்சம் 34ஐ வட்டிக் கணக்கு, வரைபு, தொடைகள் (கணங்கள்), இடை (சராசரி) காண்பது ஆகியவற்றில் எடுக்கலாம். கேத்திரகணித நிறுவல்களைத் தொடவே வேண்டாம். அதைப் பார்த்துத்தான் முக்கால்வாசிப் பிள்ளைகள் தாளை மூடிவைக்கிறார்கள்.

உங்கள் முப்பத்தொன்பது வயது மாணவியிடம் வட்டியிலிருந்து தொடங்குங்கள். சீட்டுப் பிடித்தவளுக்கும் நுண்கடன் தவணை கட்டியவளுக்கும் குறைந்து செல்லும் மீதி முறை (கட்டக் கட்டக் குறையும் மீதிக் கடனுக்கு மட்டும் வட்டி போடுவது) என்றால் என்னவென்று நான் விளக்கத் தேவையில்லை. அந்தக் கணக்கை அவள் வாழ்க்கையில் போட்டிருக்கிறாள், தாளில் எழுதும் முறைதான் தெரியாது. அவளே பக்கத்தில் இருக்கும் பதினாறு வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். இரண்டு வயதினரையும் சேர்த்து வைத்தது நல்ல யோசனை.

திருத்தும்போது சிவப்புப் பேனை வேண்டாம். பென்சிலால் சரியை மட்டும் போடுங்கள். பிழைக்குப் பக்கத்தில் வெறுமனே இடம் விடுங்கள், அவளே மறுபடி செய்யட்டும்.

இன்னொன்று. உயர்தரம் படிக்க 6 பாடங்களில் சித்தி வேண்டும், அதற்குள் தாய்மொழியும் கணிதமும் இருக்க வேண்டும், 3 பாடங்களில் திறமைச் சித்தி (சி அல்லது அதற்கு மேல்) இருக்க வேண்டும். இதைப் பெற்றோர் பலர் சரியாக அறியாமல், கணிதம் போனால் எல்லாம் போய்விட்டது என்று பிள்ளையை வீட்டில் இருத்துகிறார்கள். 2017 முதல் 13 வருட உத்தரவாதக் கல்வி என்று ஒரு வழி இருக்கிறது. பெறுபேறு எப்படி வந்தாலும், தெரிவுசெய்யப்பட்ட பாடசாலைகளில் தொழிற்பாடப் பிரிவில் தரம் 12இல் சேரலாம். அந்தக் கூட்டத்தில் இதைச் சொல்லாமல் விடாதீர்கள்.

இரு பெண்களின் தந்தை, இணுவில்

நான் மேசன் வேலை செய்பவன். எனக்கு இரண்டு பெண்கள், மூத்தவள் இந்த முறை பரீட்சை எழுதியிருக்கிறாள்.

அக்கா, தயவுசெய்து மாலை வகுப்பு வைக்காதீர்கள். ஆறு மணிக்கு மேல் எங்கள் ஒழுங்கையில் வெளிச்சம் இல்லை. மூலையில் நிற்கும் பெடியன்கள் யாரென்றும் தெரியாது. போதைப்பொருள் எப்படிப் பரவியிருக்கிறது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மகளை நம்பாமல் நான் மறிக்கவில்லை, வீதியைப் பார்த்துத்தான் மறிக்கிறேன். காலை பத்து மணிக்கு வைத்தால் என் மகள் வருவாள்.

அடுத்தது, பிரிவு தெரிவுசெய்யும் கூட்டம். இப்படியான கூட்டங்களுக்குத் தாய்மாரையே கூப்பிடுகிறார்கள். வீட்டுக்கு வந்து மனைவி சொன்னால் நான் கேட்டுவிட்டு, 'பார்ப்போம்' என்று சொல்லிவிடுவேன். அந்த 'பார்ப்போம்' என்ற சொல்லாலேயே என் தங்கையின் படிப்பு நின்றது. அப்பா அந்தச் சொல்லைச் சொல்லும்போது நான் பக்கத்தில் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. தகப்பன்மாரையும் நேரே கூப்பிடுங்கள். கூலி வேலைக்குப் போகிறவர்கள் வரக்கூடியது ஞாயிறு பின்னேரம் நான்கு மணிக்குத்தான். காலையில் பிள்ளைகளுக்கு அறநெறி வகுப்பு இருக்கும்.

முன்பள்ளி அக்கா

ரீச்சர், உங்கள் பதிலை மூன்று தடவை வாசித்தேன். கேத்திரகணிதத்தை விட்டுவிடலாம் என்று 2010இல் எனக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டு வருடம் அந்த நிறுவல்களோடுதான் மல்லுக்கட்டினேன்.

தம்பி, உங்கள் தங்கையைப் பற்றி எழுதியதற்கு நன்றி. மாலை வகுப்பு இல்லை, காலைதான். கூட்டம் ஞாயிறு நான்கு மணிக்கு. நீங்கள் வந்து, இங்கே எழுதியதையே அங்கே இருக்கும் தகப்பன்மாருக்குச் சொல்ல முடியுமா? நாங்கள் பதினொரு பேரும் சேர்ந்து சொன்னாலும் அதற்கு அந்த வலு இராது.

நெடுந்தீவு மகள்

அக்கா, உங்கள் குழு வலிகாமத்துக்கு மட்டும்தானா? கேட்பதற்குக் காரணம் இருக்கிறது.

நான் நெடுந்தீவில் பிறந்தவள். கணிதப் பிரிவில் உயர்தரம் படிக்க விரும்பியபோது, கடல் கடந்து வந்து யாழ் நகரத்தில் தெரிந்தவர் வீடொன்றில் தங்க வேண்டியிருந்தது. ஊரிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம், அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை வழியாகப் பஸ்ஸில் இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். கடல் பொங்கினால் படகே இல்லை. தங்கியிருந்த வீட்டில் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனாலும் பிறர் வீட்டில் இரவு பத்து மணிக்கு மேல் விளக்கை எரிய விடுவதற்குப் பிள்ளைக்கு எவ்வளவு கூச்சம் வரும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு வருடம் போர்வைக்குள் டோர்ச் வெளிச்சத்தில் படித்தேன்.

எங்கள் ஊரிலும் உங்கள் இடைவெளி இருக்கிறது, இன்னும் அகலமாக. இங்கே பெற்றோர் கேட்கும் முதற் கேள்வி எந்தப் பிரிவு என்பது அன்று, அவள் எங்கே தங்குவாள் என்பதுதான். உங்கள் குழுவில் தங்குமிடம் தரக்கூடிய நல்ல வீடுகள் இரண்டைத் தெரிந்து சொன்னால், அது எந்தக் கருத்தரங்கையும் விடப் பெரிய உதவி. மேசையும் விளக்கும் உள்ள ஓர் அறை போதும்.

வருவதென்றால் பங்குனி, சித்திரையில் வாருங்கள். அப்போது கடல் அமைதியாக இருக்கும். வைகாசியில் சோளகம் (தென்மேற்குக் காற்று) எழும்பிவிட்டால் ஒரு நாளில் வந்து திரும்புவதை நிச்சயமாகச் சொல்ல முடியாது.

அறிவியல் நகர் மாணவி

வணக்கம் அக்கா. நான் பொறியியல் பீடத்தில் மூன்றாம் வருடம். சொந்த ஊர் அளவெட்டி.

பிள்ளைகளைக் கூட்டிவாருங்கள், ஆனால் கட்டடம் காட்டுவதற்காக வேண்டாம். நான் தரம் 11இல் இப்படியான ஒரு சுற்றுலாவில் வேறொரு வளாகத்துக்குப் போனேன். வாசலில் நின்று படம் எடுத்தோம், மதியச் சாப்பாடு சாப்பிட்டோம், திரும்பினோம். மனதில் நின்றது சோற்றுப் பார்சல் மட்டுமே. முறையாக முன்கூட்டியே கடிதம் கொடுத்து அனுமதி எடுத்தால், ஒரு ஆய்வுகூடத்தில் இரண்டு மணித்தியாலம் இருக்கலாம். ஒரு கொங்கிரீட் கட்டியை அழுத்திப் பார்த்து அது எந்தச் சுமையில் உடைகிறது என்று அவர்களே எழுதட்டும். கணக்கைக் கண்டு பயப்படும் பிள்ளைக்கு எண் ஒன்று கண்ணுக்கு முன்னால் சத்தத்தோடு உடைவதைக் காட்ட வேண்டும். கடிதம் யாருக்கு எழுதுவது என்பதை நான் கேட்டுச் சொல்கிறேன்.

எனக்குக் கணிதத்தில் ஏ வந்தபோதும் வீட்டில் உயிரியல் எடுக்கச் சொன்னார்கள். டொக்டர் ஆகலாம், இல்லாவிட்டால் ஒரு ரீச்சர் ஆகலாம், பெண் பிள்ளை வெயிலில் கட்டடம் கட்டப் போவதா என்று கேட்டார்கள். அதே வாரத்தில் எங்கள் காணியில் மதில் கட்ட வந்த மேசனோடு சீமெந்துக் கலவை சுமந்தவர்கள் இரண்டு பெண்கள். வெயிலில் நிற்கலாம், ஆனால் வரைபடம் கையில் இருக்கக்கூடாது என்பதா என்று அம்மாவிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. மறுநாள் விண்ணப்பப் படிவத்தில் கையொப்பம் வைத்தார்.

கூட்டத்தில் 2013இல் தொடங்கிய தொழில்நுட்பப் பிரிவைப் பற்றியும் சொல்லுங்கள். கணிதப் பிரிவு பாரம் என்று நினைக்கும் பிள்ளைக்கு அது நல்ல வழி. அது ஆண் பிள்ளைகளுக்கான பிரிவு என்று எங்கள் பக்கத்தில் இன்னமும் சொல்கிறார்கள்.

குழுவில் ஒருத்தி

நான் இந்தக் குழுவில் இருப்பவள். பரிசளிப்பு வேண்டும் என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி. என் பக்க நியாயத்தையும் எழுத வேண்டும்.

ஒன்பது ஏ எடுத்த பிள்ளைகளில் ஒருத்தியின் அம்மா சந்தையில் மரக்கறி விற்கிறார். தகப்பன் இல்லை. அந்தப் பிள்ளையை நாலு பேர் முன்னால் மேடைக்கு ஏற்றினால், ஊர் அந்த அம்மாவைப் பார்க்கும் பார்வை மாறும். விழுந்த பிள்ளைக்குக் கை கொடுக்க வேண்டும் என்பதற்காக, ஏறிய பிள்ளையைக் கண்டுகொள்ளாமல் விடலாமா? மண்டபமும் பொன்னாடையும் வேண்டாம் என்றால் ஒத்துக்கொள்கிறேன். பரிசையே விடச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கைக்குழந்தைகளைப் பற்றி: நம் மூன்று முன்பள்ளி ஆசிரியைகளும் முறை வைத்துப் பக்கத்து அறையில் பிள்ளைகளைப் பார்த்தால் தீர்ந்தது. பாய் விரித்து, விளையாட்டுச் சாமான் கொஞ்சம் போட்டுவிடலாம். தாய் கணக்குச் செய்யும்போது அவள் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் பிள்ளை இருக்க வேண்டும். அறைக் கதவைச் சாத்தினால் தாயும் அழுவாள், பிள்ளையும் அழும்.

முன்பள்ளி அக்கா

நேற்றிரவு குழுவில் ஏழு பேர் கூடினோம். இங்கே வந்த பதில்களை முழுவதும் வாசித்துக் காட்டினேன். முடிவுகளை எழுதுகிறேன்.

கணித வகுப்பு செவ்வாயும் வியாழனும் காலை பத்து மணி முதல் பன்னிரண்டரை வரை. முன்பள்ளி மூடும் நேரம் சரிவராததால், முதல் ஒன்றரை மணித்தியாலம் எங்கள் தாதி அக்கா குழந்தைகளைப் பார்ப்பார், பிறகு நாங்கள் வந்து சேருவோம். கதவு திறந்தே இருக்கும். புடவைக் கடையில் வேலை செய்யும் இருவர் அந்த நேரத்தில் வர முடியாது. அவர்களுக்கு ஞாயிறு பின்னேரம் தனியாக ஒரு மணித்தியாலம் வைக்கிறோம். அது போதாது, எனக்குத் தெரியும். கடை முதலாளியிடம் போய், வியாழக்கிழமைகளில் அரை நாள் விடச் சொல்லிக் கேட்கப் போகிறேன். மறுத்தால் மறுபடியும் போவேன்.

பரிசளிப்பு உண்டு. மண்டபம் எடுக்கவில்லை, சனசமூக நிலைய முற்றத்தில் மார்ச் 8 காலை. நம் தோழி சொன்னதுதான் சரி, நான்தான் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளையின் அம்மா சந்தைக்குப் போக முன்னரே வைத்துவிடலாம் என்று காலை ஏழரைக்கு நேரம் குறித்திருக்கிறோம். அதே முற்றத்தில், கணித வகுப்புக்குப் பெயர் தந்த ஏழு பேருக்கும் ஆளுக்கொரு கொம்பாஸ் பெட்டி கொடுப்போம். அந்தச் செலவு என்னுடையது, குழுப் பணத்தில் இல்லை.

பெற்றோர் கூட்டத்தை அந்த மாதத்து மூன்றாம் ஞாயிறு நான்கு மணிக்கு வைக்கிறோம். இணுவில் தம்பி பேச ஒத்துக்கொண்டிருக்கிறார். அறிவியல் நகர்த் தங்கச்சி, அந்த ஞாயிறு ஊரில் நின்றால் நீங்களும் வாருங்கள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. கையொப்பம் வைத்தவரை எங்கள் தாய்மார் பார்க்க வேண்டும். ஆய்வுகூடத்துக்கான கடிதத்தை நான் எழுதிவிட்டேன், யாருக்கு அனுப்புவது என்று தெரிந்ததும் சொல்லுங்கள். வானுக்குக் கேட்ட பணம் எங்களால் முடியாத அளவு. இருபது பிள்ளைகளைப் பன்னிரண்டாகக் குறைக்க மனமில்லாமல், பஸ்ஸில் போவதென்று தீர்மானித்தோம்.

நெடுந்தீவுத் தங்கச்சி, உங்களுக்குத்தான் பதில் எழுதப் பிந்திவிட்டது. எங்கள் குழுவில் ஒருவரின் மகள் கொழும்பில் வேலை செய்கிறாள். அவளுடைய அறை சும்மாதான் கிடக்கிறது, மேசையும் இருக்கிறது. இரவு எவ்வளவு நேரம் விளக்கு எரிந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள் என்று அந்த அக்கா சொல்லச் சொன்னார். இரண்டாவது வீட்டைத் தேடுகிறோம். பங்குனி கடைசிச் சனிக்கிழமை மூவர் காலைப் படகில் வருகிறோம். பிள்ளைகளின் பெற்றோரை எங்கே சந்திக்கலாம் என்று நீங்கள் சொல்லுங்கள்.

ரீச்சர், செவ்வாய் காலை ஒன்பதரைக்கு என் மகன் மோட்டார் சைக்கிளில் உங்கள் வாசலில் நிற்பான். மெதுவாக ஓடச் சொல்லியிருக்கிறேன். பழைய வினாத்தாள்கள் இருந்தால் எடுத்து வையுங்கள், பிரதி எடுத்துவிட்டு அன்றே திருப்பித் தருகிறோம்.